நடுவுல ஒரு ‘ஓ’

அந்த வீடியோவை நிறுத்திருங்க தம்பி. நான் பதினோரு தடவை பாத்தாச்சு. கடைசியில என்ன சொல்வான்னு சொல்லட்டுங்களா? ‘ரெண்டுமே அருமையான வண்டி, உங்க தேவைக்கு ஏத்த மாதிரி நீங்களே முடிவு பண்ணிக்குங்க’ன்னு சொல்லிப்போட்டுக் கையை ஆட்டிட்டுப் போயிருவான். அதுக்கு இருபத்தி மூணு நிமிசம். ஏனுங்க, அதைத்தான நாமளே மொதல்ல இருந்து சொல்லிட்டு இருக்கறோம்?

தப்பா நினைச்சுக்காதீங்க. பக்கத்து சீட்டுக்காரர் போனை எட்டிப் பாக்கறது நல்ல பழக்கம் இல்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா அந்த நீல வண்டியும் சாம்பல் வண்டியும் ஒண்ணா வந்துச்சுன்னா என்ற கண்ணு தானா அங்க போயிருது. எட்டு மாசம் அது ரெண்டையும் கட்டிக்கிட்டு அழுதவனுங்க நான். நான் ஏறும்போதே நீங்க பாத்தீங்க, ஹெல்மெட்டைக் கையில வச்சுக்கிட்டு பஸ்ல ஏறறானே இவன் யாரு கிறுக்கன்னு. கிறுக்கன்தானுங்க. சிட்கோ போறவரைக்கும் நேரம் இருக்குது, சொல்றேன். கேட்டுப்போட்டு அப்புறம் வண்டி எடுங்க, எடுக்காம இருங்க, உங்க இஷ்டம்.

என்ற பேரு தண்டபாணி. சிட்கோவுல இருக்கற பம்ப் கம்பெனி ஒண்ணுல ஸ்டோர் கீப்பர். வீடு கிணத்துக்கடவுல. வீட்டுக்காரி பேரு வளர்மதி, டீச்சர். போன ஜூன்ல அவளை வேற ஸ்கூலுக்கு மாத்திட்டாங்க. அதே மேனேஜ்மென்ட்டுதான், இன்னொரு ஸ்கூலு. இப்ப நான் ஏறினேனில்ல, ஒத்தக்கால்மண்டபம், அங்க இறங்கி உள்ளாற ரெண்டேகால் கிலோமீட்டர் போகோணும். அந்த ரோட்டுக்கு பஸ்ஸு கிடையாது. ஷேர் ஆட்டோ ஆள் சேந்தா வரும், சேராட்டி வராது. டீச்சருக வெடியால நேரத்துக்குப் போகோணும், ஆட்டோக்காரன் ஆள் சேர்ற வரைக்கும் பீடி குடிப்பான். அதனால நடைதான்.

அன்னிக்கே அவகிட்ட நான் சொன்னேன். ‘ஒரே மாசம் பொறுத்துக்க வளரு. புது வண்டி எடுத்துடறேன். உன்னை ஸ்கூல் வாசல்லயே இறக்கி விட்டுப்போட்டு நான் கம்பெனிக்குப் போயிக்கறேன். போற வழிதான’ன்னேன். நானாத்தான் சொன்னேனுங்க. அவ கேக்கலை.

அதுக்கு முன்னாடி பதினெட்டு வருசம் எங்கிட்ட ஒரு டிவிஎஸ் பிஃப்டி இருந்துச்சு. பாவம், அதுவும் எத்தனைதான் இழுக்கும். சித்திரையிலயே வித்தாச்சு. அடுத்தது ஒரு ஸ்கூட்டரோ சாதா வண்டியோ எடுத்திருந்தா மறுநாளே கதை முடிஞ்சிருக்கும். ஆனா எனக்கு நாப்பத்தஞ்சு வயசுல ஒரு ஆசை வந்துருச்சு பாருங்க. மாசி மாசமே ஒரு சிக்னல்ல இந்தச் சாம்பல் வண்டியைப் பாத்துட்டேன். ஓட்டிட்டு வந்தவன் கால் ரெண்டையும் ஊனி நிக்கறான், வண்டி டுபு டுபுன்னு உறுமுது, சுத்தி இருக்கற அத்தனை பேரும் அவனைத்தான் பாக்கறாங்க. என்ற பிஃப்டியை அதுவரைக்கும் ஒருத்தனும் திரும்பிப் பாத்ததில்லை. திருடன்கூடப் பாத்ததில்லைங்க, பூட்டாமயே நிறுத்துவேன்.

எடுத்தா நேக்கட் பைக்குதான்னு முடிவு பண்ணிட்டேன். அதுல ரெண்டு பாக்கி நின்னுச்சு. நீலம், சாம்பல். நீலம் கொஞ்சம் லேசு, மைலேஜ் தரும், டவுனுக்குள்ள சுளுவா வளைக்கலாம். சாம்பல் கனம், இழுவை ஜாஸ்தி, ரோட்டுல அப்படியே ஒட்டிக்கிட்டுப் போகும். சாம்பலுக்கு ரெண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் பிரேக்கு. நீலத்துக்கு முன்சக்கரம் மட்டும். ஆனா நீலத்துல ஹெட்லைட் நெம்ப நல்லா இருக்கும். சரி சரி, உங்களுக்குத் தெரியும். விட்டா நான் இப்படியே உக்கடம் வரைக்கும் பேசுவேன்.

நேக்கட்டுன்னா என்னன்னு எங்க மாமனாருக்கு நான் பாடம் எடுத்தேனுங்க. அவர் யாரு தெரியுங்களா? பொள்ளாச்சியில முப்பத்தஞ்சு வருசம் டூவீலர் ஒர்க்‌ஷாப் வச்சிருந்தவர். அவருக்கு நான் பாடம் எடுக்கறேன். ‘மாமா, முன்னாடி பிளாஸ்டிக் மூடாப்பு ஒண்ணும் இருக்காது, இன்ஜினு, சேஸு எல்லாம் வெளிய தெரியும்’ங்கறேன். ‘தமிழ்ல அதுக்கு என்னங்க மாப்ளே?’ன்னார். அவசரத்துக்கு எனக்கு வேற வார்த்தை வரலை. ‘அம்மண வண்டிங்க மாமா’ன்னுட்டேன். சமையக்கட்டுல இருந்து மாமியார் கரண்டியோட வெளிய வந்து எட்டிப் பாத்துட்டுப் போறாங்க. மாமனார் நிதானமாச் சொன்னார், ‘எங்க காலத்துல எல்லாமே அப்படித்தானுங்க மாப்ளே வந்துச்சு. நாங்க அதை வண்டின்னு சொன்னோம்.’

சொல்லிப்போட்டு, ‘எதுக்கும் வளர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க’ன்னார். நான் என்ன நினைச்சேன்? மகளுக்குப் புடிச்ச கலரா எடுக்கச் சொல்றார்னு நினைச்சேன். அதனால கேட்டேன். ‘வளரு, நீலமா, சாம்பலா?’ ‘எது சீக்கிரம் வருதோ அது’ன்னா. வண்டியைப் பத்தி இவளுக்கு என்ன தெரியும்னு அதோட விட்டுட்டேன். இன்னொரு நாள் நான் வீடியோ பாத்துட்டு இருக்கறேன், அவ பின்னாடி நின்னு துணி மடிச்சுக்கிட்டே, ‘அந்த நீலத்துல டைமிங் செயின் சத்தம் லேசா வருதுங்களே’ன்னா. ‘அது மைக் சத்தம்டீ’ன்னேன். ஒர்க்‌ஷாப்லயே பொறந்து வளந்தவ சொல்றா, காதுல வாங்கலை. கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைவானுங்கறது என்னை மாதிரி ஆளுக்குத்தானுங்க.

ஒரு நோட்டுப் போட்டேன். நாப்பது பக்க நோட்டு. ஸ்டோர் கீப்பர் இல்லீங்களா, கட்டம் போடாம எனக்கு ஒரு வேலையும் ஓடாது. நீலத்துக்கு ஒரு வரிசை, சாம்பலுக்கு ஒரு வரிசை, முப்பத்தி ரெண்டு கட்டம். எடை, இழுவை, டயர் அகலம், செயின் கவர், ஹாரன் சத்தம், எல்லாம் எழுதினேன். சீட்டு உசரம்னு ஒரு கட்டம் இருந்துச்சு, அதுக்கு நேரா நான் ஒண்ணும் எழுதலை. அஞ்சடி மூணு அங்குலத்துல அதுக்கு என்னத்தைங்க எழுதறது? ஷோரூமுக்குப் போறதுக்குன்னே தடிச்ச அடி வச்ச ஷூ ஒண்ணு வாங்கினேன். அதைப் போட்டுக்கிட்டு உக்காந்தா நீலத்துல பாதிக்கால் படும், சாம்பல்ல கட்டைவிரல் படும். சென்டர் ஸ்டாண்டு போட்டு உக்காந்தா ரெண்டுமே சொகமாத்தான் இருந்துச்சு.

டெஸ்ட் ரைடான்னு கேக்கறீங்க. அங்கதான் விசயமே இருக்குது. ‘ஓட்டிப் பாருங்க சார்’னு அவங்க சொல்லும்போதெல்லாம், ‘ரெண்டு கிலோமீட்டர்ல என்னங்க தெரியும், வண்டியோட குணம் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டித்தான் தெரியும்’னு ஏதாச்சும் வேதாந்தம் பேசி நழுவிருவேன். உண்மை என்னன்னா, கியர் வண்டியை நான் காலேஜ்ல ஒருக்கா, சிநேகிதன் வண்டியில, காம்பவுண்டு ஓரமா ஓட்டினதோட சரி. அதுக்கென்ன, கை தானாப் பழகிக்கும்னு ஒரு தைரியம். பேசிப் பேசியே ஓட்டத் தெரிஞ்ச மாதிரி எனக்கே ஒரு நெனப்பு வந்துருச்சுங்க.

கம்பெனில எல்லாரும் எங்கிட்ட யோசனை கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. லேத் செக்சன் ஆரோக்கியம் என்ற நோட்டைப் பாத்துட்டு ஒரே வாரத்துல நீலத்தை எடுத்தான். டிஸ்பாட்ச்ல இருக்கற வையாபுரி சாம்பலை எடுத்தான். ரெண்டு பேரும் வண்டியில வந்து இறங்கி எனக்கு ஸ்வீட்டு குடுத்தாங்க. நான் பஸ்ல வந்து இறங்கி வாங்கித் தின்னேன்.

இதுக்குள்ள ஜூன் போச்சு, ஜூலை போச்சு. ஒரு நாள் சாயங்காலம் பொழுதோட நல்ல மழை. வீட்டுக்கு வந்தா வளரு கட்டில்ல காலை நீட்டி உக்காந்திருக்கறா. வாய்க்கா ஓரம் சேறு வழுக்கி விழுந்துட்டா. கணுக்கால் வீங்கிக் கெடக்குது. சேலைக் கரையெல்லாம் சேறு. பையில இருந்த பரிட்சைப் பேப்பரு அத்தனையும் நனைஞ்சு போய் பேனுக்கு அடியில காயப் போட்டிருக்கறா. நான் என்னங்க பண்ணியிருக்கோணும்? எண்ணெய் காய்ச்சி உருவி விட்டேன், அதெல்லாம் சரிதான். ஆனா ஒரு கையால உருவிக்கிட்டே இன்னொரு கையில போனு. அன்னிக்குத்தான் சாம்பல் வண்டியோட மழைக்கால ரிவ்யூ வந்திருந்துச்சு. ‘பாரு வளரு, ஈர ரோட்டுல எப்படிப் புடிச்சு நிக்குது’ன்னு அவகிட்டயே காட்டறேன். அவ பாத்தா. ‘நல்லா நிக்குதுங்க’ன்னா. திட்டி வஞ்சிருந்தாக்கூட எனக்கு உறைச்சிருக்கும். அதை நினைச்சா இப்பவும் என்ற மூஞ்சிய நானே கண்ணாடியில பாக்கக் கூசுதுங்க.

நாலு நாள் லீவு போட்டா. அஞ்சாம் நாள் காலுல துணியைச் சுத்திக்கிட்டு மறுபடி அதே ரெண்டேகால் கிலோமீட்டர்.

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? ஆடி முடியட்டும், ஆடியில புதுசு எடுக்க வேண்டாம்னேன். ஆவணியில, புது மாடல் வரப்போகுதாம், கொஞ்சம் பொறுப்போம்னேன். புரட்டாசியில, எப்படியும் ஆயுத பூசை வருது, அன்னிக்கே பூசை போட்டு எடுத்துருவோம்னேன். அவ எல்லாத்துக்கும் ‘சரிங்க’. இந்தச் ‘சரிங்க’வை நம்பாதீங்க தம்பி. உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா? ஆனதுக்கப்புறம் புரியும்.

ஒரு வழியா முடிவு பண்ணினேன். எப்படின்னு கேளுங்க. எட்டு மாசம், முப்பத்தி ரெண்டு கட்டம், நூறு வீடியோ. கடைசியில நீலத்துக்காரன், ‘சார், ஆயுத பூசைக்கு ஸ்டாக் இல்லீங்க, தீவாளிக்குத்தான்’னான். சாம்பல்காரன், ‘நாளைக்கே எடுத்துக்கலாங்க’ன்னான். எடுத்தாச்சு சாம்பல். எது சீக்கிரம் வருதோ அது. வளரு ஒரு வரியில சொன்னதை நான் ஒரு நோட்டு முழுக்க எழுதிக் கண்டுபுடிச்சேன்.

ஆயுத பூசை அன்னிக்கு ஷோரூம்ல திருவிழாக் கூட்டம். அவளை சுடிதார் போட்டு வரச்சொல்லிட்டேன். ஏன்னா, ‘இதுல ஒருக்களிச்சு உக்கார முடியாது, ரெண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உக்காரோணும், சேலை சரிப்படாது’ன்னு நாந்தான் பெரிய இவனாட்டச் சொன்னேன். வண்டிக்கு மாலை, சந்தனம், குங்குமம். சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சாச்சு. என்ற போனை அவ கையில குடுத்து, ‘நான் பழத்து மேல ஏத்தி வெளிய வர்றதை அந்தக் கேட்டுப் பக்கம் நின்னு வீடியோ எடு’ன்னேன். தடிச்ச ஷூ போட்டிருந்தேன். கூலிங் கிளாஸும் போட்டிருந்தேங்க, அதையும் சொல்லிர்றேன்.

அப்பத்தான் மேனேஜர் வந்து, ‘சார், பைல்ல வைக்க லைசென்ஸ் ஜெராக்ஸ் ஒண்ணு குடுங்க’ன்னார். பர்ஸ்ல இருந்து எடுத்துக் குடுத்தேன். வாங்கிப் பாத்தார். திருப்பிப் பாத்தார். என்னையப் பாத்தார். ‘சார், இது கியர் இல்லாத வண்டி லைசென்ஸாச்சே’ன்னார்.

நான் சிரிச்சேனுங்க. ‘நல்லாப் பாருங்க, எம்.சி.ன்னு போட்டிருக்கும், மோட்டார் சைக்கிள்’னேன். ‘எம்.சி. சரிதாங்க. கியர் வண்டின்னா எம்.சி.டபிள்யூ.ஜி. உங்களதுல டபிள்யூக்கும் ஜிக்கும் நடுவுல ஒரு ஓ இருக்குது பாருங்க’ன்னு விரலை வச்சுக் காட்டினார்.

இருந்துச்சு. ஒரு ஓ. பதினெட்டு வருசமா பர்ஸ்ல வச்சுச் சுமக்கறேன், அந்த ஓவை நான் பாத்ததே இல்லைங்க. எப்படி வந்துச்சுன்னா, அன்னிக்கு லைசென்ஸ் எடுக்கப் போகும்போது டிரைவிங் ஸ்கூல்காரர், ‘எட்டு போடறதுன்னா பிஃப்டியில போடு, சும்மா வழுக்கிட்டுப் போகும், கால் ஊனவே வேண்டாம்’னார். எங்க செட்டுல பாதிப் பேரு அப்படித்தான் போட்டோம். எட்டு சுலபமா வந்துச்சு, கூடவே ஓவும் வந்துருச்சு.

கூட்டம் வேடிக்கை பாக்குது. ஐயரு கற்பூரத்தைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறார். மேனேஜர் தன்மையான ஆளு, ‘பரவாயில்லீங்க சார், வீட்ல வேற யாருகிட்டயாச்சும் கியர் லைசென்ஸ் இருக்குதுங்களா?’ன்னார். ‘இல்லீங்க, கம்பெனில வையாபுரின்னு ஒருத்தன் இருக்கான், போன் பண்ணி வரச்சொல்றேன்’னு போனைத் தேடறேன். போனு வளர்கிட்ட இருக்குது. திரும்பிப் பாத்தா, கேட்டுப் பக்கம் நின்னவ இங்க வந்து நிக்கறா. போனை என்ற கையில குடுத்தா. கைப்பையைத் திறந்து ஒரு கார்டை எடுத்து மேனேஜர்கிட்ட நீட்டினா. அவர் பாத்துட்டு, ‘அட, இதுல கியர் இருக்குதுங்களே’ன்னார்.

அதுல ஓ இல்லீங்க.

பத்தொம்பது வயசுல எடுத்ததாம். அவங்க அப்பா எடுத்துக் குடுத்திருக்கார். ஒர்க்‌ஷாப்புக்கு வர்ற வண்டியெல்லாம் ரிப்பேர் முடிஞ்சதும் மீன்கரை ரோட்டுல ஓட்டிப் பாத்துட்டு வர்ற வேலை இவளோடதாம். எந்த வண்டியில எந்தச் சத்தம் சரியில்லைன்னு இவ வந்து சொன்னாத்தான் மாமனார் டெலிவரியே குடுப்பாராம். பதினாறு வருசம் ஒரே வீட்ல இருக்கறோம். பேங்க்குல அட்ரஸ் புரூப்புக்கு அந்தக் கார்டை அவ காட்டும்போது நான் பக்கத்துலயே நின்னிருக்கேன். ‘ஏன் வளரு எங்கிட்டச் சொல்லவே இல்லை?’ன்னு அங்கயே கேட்டேன். ‘நீங்க கேக்கலீங்களே’ன்னா. குத்திக் காட்டற மாதிரி இல்லைங்க. ‘உப்புப் போட்டுட்டயா’ன்னா ‘போட்டுட்டேன்’னு சொல்ற மாதிரித்தான் சொன்னா.

துப்பட்டாவைக் குறுக்க இழுத்து இடுப்புல கட்டினா. ஏறி உக்காந்தா. என்னைவிட அவ ரெண்டு அங்குலம் உசரம், கல்யாண போட்டோல நான் ஒரு படி மேல நின்னிருப்பேன், பாத்தா தெரியாது. ரெண்டு காலும் தரையில அப்படியே படிஞ்சு நின்னுச்சு. ஸ்டார்ட் பண்ணி, ஒரு தடவை முறுக்கி, தலையைச் சாச்சு சத்தத்தைக் கேட்டா. எலுமிச்சம்பழம் ரெண்டும் நச்சுன்னு நசுங்குச்சு. கூட்டத்துல எவனோ விசில் அடிச்சான். நான் என்ன பண்றதுன்னு தெரியாம வீடியோ எடுத்தேன். அவளையே பாத்துக்கிட்டு எடுத்ததுல பாதி வீடியோ அவ தலைக்கு மேல இருக்கற பேன்தான் தெரியுது.

‘ஏறுங்க’ன்னா.

ஏறினேன். ஏறினதும் ஒண்ணு தெரிஞ்சுது பாருங்க. அந்த வண்டியோட பின்சீட்டு கையகலம். கல்லு மாதிரி இருக்குது. புடிச்சுக்க ஒண்ணும் இல்லை. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்லயும் இடுப்பெலும்பு வந்து தொண்டையில நிக்குது. ஷோரூம்ல இருந்து கிணத்துக்கடவு வர்றதுக்குள்ள நான் செத்துப் பொழைச்சேன். வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா அந்த நோட்டை எடுத்துப் பாத்தேன். முப்பத்தி ரெண்டு கட்டத்துல பின்சீட்டுக்குக் கட்டமே இல்லைங்க. யாரைக் கூட்டிட்டுப் போகோணும்னு வண்டி எடுத்தேனோ, அவ எங்க உக்காருவான்னு நான் ஒரு நாள்கூட யோசிக்கலை. அந்த நோட்டை அப்பவே அடுப்புல போட்டிருப்பேன், கேஸ் அடுப்பா இருந்ததால பொழைச்சுது.

அன்னியில இருந்து இதுதான் நடப்பு. வெடியால அவ ஓட்டுவா, நான் பின்னாடி. ஒத்தக்கால்மண்டபத்துல என்னை இறக்கிவிட்டுட்டு அவ உள் ரோட்டுல திரும்பிருவா, நான் ஹெல்மெட்டோட பஸ்ஸு ஏறிருவேன். கம்பெனில விசயம் பரவிருச்சு. ஆரோக்கியம், ‘என்னண்ணா, சாம்பல் வண்டி எப்படி இழுக்குது?’ன்னு தினமும் கேப்பான். ‘பின்னாடி இருந்து பாத்தா நல்லாத்தான்டா இழுக்குது’ன்னு சொல்லிருவேன். லொள்ளு புடிச்ச பயலுக, என்ன பண்றது.

நானும் விடலைங்க. எல்.எல்.ஆர். போட்டேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவதான் சொல்லிக் குடுத்தா, சந்தை மைதானத்துல. கிளச்சை விடறது இருக்குதே தம்பி, அதை நூறு வீடியோல பாத்திருக்கேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்பாங்க, எனக்கு ஊறுகாய்க்குக்கூட உதவலை. விட்டா வண்டி குதிக்குது, விடாட்டி உறுமிக்கிட்டே நிக்குது. பதினேழு தடவை ஆப் ஆச்சு ஒரே நாள்ல. மூணு தடவை விழுந்தேன். அவ ஒரு தடவை கூடச் சிரிக்கலைங்க. ‘காதுல கேளுங்க, அது சொல்லும், அப்ப விடுங்க’ன்னு அதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னா. மொத டெஸ்ட்டுல எட்டோட இடுப்புலயே காலை ஊனிட்டேன். இன்ஸ்பெக்டரு, ‘நீங்க எட்டுல பாதி போட்டிருக்கீங்க சார், அதாவது ஓ’ன்னார். அந்த மனுசனுக்கு என்ற கதை தெரியாது, சும்மா சொன்னார். ரெண்டாவதுல ஆப் ஆயிருச்சு. மூணாவதுல போட்டேன். மார்கழி இருவத்தி ரெண்டு அன்னிக்கு, நல்ல பனி. முழுசா எட்டு. கால் ஊனாம.

வந்து சொன்னதும் அவ கை குடுத்தா. ‘கார்டு வந்ததும் நீங்களே ஓட்டுங்க, நான் பின்னாடி உக்காந்துக்கறேன்’னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனா சொல்லிப்போட்டு வண்டிக்குப் பக்கத்துல போய் சீட்டை ஒரு தடவை துடைச்சா. சீட்டு சுத்தமாத்தான் இருந்துச்சு.

இப்பல்லாம் லைசென்ஸ் கையில தர்றதில்லைங்க, தபால்லதான் வரும். நான் பாத்தேன், பாத்தேன், வரலை. கார்டு கையில இல்லாம வண்டியைத் தொடமாட்டேன்னு சட்டம் பேசினவன் வேற நான். மூணு வாரம் ஆச்சு. சரின்னு முந்தாநேத்து போஸ்டாபீஸ்ல போய் கேட்டேன். அங்கிருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, ‘அது போன வாரமே டெலிவரி ஆயிருச்சுங்களே’ன்னாங்க. ‘யாரு வாங்கினது?’ன்னேன். திரையை என்ற பக்கம் திருப்பிக் காட்டினாங்க. கையெழுத்து இருக்குது. பதினாறு வருசமா ரேஷன் கார்டுலயும் ஸ்கூல் டைரியிலயும் பாக்கற கையெழுத்து. வளர்மதி.

நேரா வீட்டுக்குப் போனேன். கேட்டே ஆகோணும்னுதான் போனேன். எங்கிட்ட எதையும் மறைக்காதவ அவ. பதினாறு வருசத்துல ஒரு பத்து ரூபா விசயத்தைக்கூட மறைச்சதில்லை. வாசல்ல வண்டி நிக்குது. அவ பக்கத்துல குத்த வச்சு உக்காந்து, பழைய பிரஷ்ஷை வச்சு செயினைத் தேச்சுக்கிட்டு இருக்கறா. கை பூராவும் கிரீஸு. நான் வந்ததைப் பாக்கலை. என்னமோ பாட்டு, வாய்க்குள்ளயே முணுமுணுத்துக்கிட்டு இருக்கறா. அவ பாடுவான்னே எனக்குத் தெரியாதுங்க.

இந்த முகத்தை நான் எங்க பாத்திருக்கேன்னு யோசிச்சேன். எங்கயும் பாத்ததில்லை. பதினாறு வருசமா என்ற முதுகுக்குப் பின்னாடி உக்காந்து வந்தவ, நான் எங்கிருந்து பாக்கறது?

செருப்புச் சத்தம் கேட்டு நிமிந்தா. பாட்டு நின்னுருச்சு. ‘என்னங்க, இன்னிக்கு நேரத்துலயே வந்துட்டீங்க?’ன்னா.

‘ஒண்ணுமில்ல. கார்டு இன்னும் வரலை போல’ன்னேன்.

அவ குனிஞ்சு செயினையே பாத்தா. ரெண்டு தடவை பிரஷ்ஷைத் தேச்சா. ‘வருமுங்க. கவர்மென்ட்டுத் தபாலு, மெதுவாத்தான் வரும்’னா.

‘ஆமா, மெதுவாவே வரட்டும்’னேன்.